‘பிரீஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லில் நாம் சறுக்கும் இடங்கள்

‘பிரீஃப்’ என்றால் குறுகியது, சுருக்கமானது. அதற்காக ‘ஷார்ட்’ வரும் இடத்திலெல்லாம் இதைப் போட்டுவிட முடியாது. நேரம், பேச்சு, எழுத்து இவற்றுக்குத்தான் பெரும்பாலும் பிரீஃப். கயிறும் தலைமுடியும் ஆளின் உயரமும் எப்போதும் ஷார்ட்தான். மாற்றிப் போட்டாலும் வம்பு: ‘ஐ வில் ஸ்பீக் ஷார்ட்லி’ என்று மின்னஞ்சலில் எழுதினால், ‘சற்று நேரத்தில் பேசுகிறேன்’ என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். சுருக்கமாகப் பேசுவதற்கு ‘பிரீஃப்லி’ வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது வினைச்சொல்லில். ‘பிரீஃப் மீ’ என்று மேலாளர் கேட்டதும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம். அவர் கேட்டது, கூட்டத்துக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய விவரம் அத்தனையும். ஒரு மணி நேரம் ஓடினாலும் அது பிரீஃபிங்தான். இதையே பழகிவிட்டு, ‘எக்ஸ்பிளெயின் பிரீஃப்லி’ என்ற தேர்வுக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதுபவர்களும் உண்டு. அங்கே சுருக்கமாக எழுதினால்தான் சரி.

ஒரே சொல்லில் இப்படி இரண்டு போக்கு எப்படி வந்தது? லத்தீனில் ‘பிரெவிஸ்’ என்றால் குறுகிய என்று பொருள். அதன் வடிவமான ‘பிரேவே’, பிற்கால லத்தீனில் சிறு கடிதத்தையும் குறிப்பையும் குறிக்கத் தொடங்கியது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டு பொருளும் சேர்ந்தே வந்தன. ஜெர்மனில் இன்றும் ‘பிரீஃப்’ என்றால் கடிதம்தான். ஆங்கிலேய நீதிமன்றங்களில் வழக்கின் சாரத்தை எழுதி வழக்கறிஞரிடம் கொடுக்கும் தாளுக்கு அந்தப் பெயர் வந்தது. அப்படி அவருக்கு விவரம் கொடுப்பதே வினைச்சொல்லாயிற்று. இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்குப் புறப்படுமுன் தந்த விளக்கங்களால் ‘பிரீஃபிங்’ எங்கும் பரவியது. பிரீஃப்கேஸுக்குச் சின்னப் பெட்டி என்று விளக்கம் சொல்வதும் தவறு. அது பிரீஃப்களை, அதாவது அந்தத் தாள்களை, எடுத்துச்செல்லும் பெட்டி.

‘ஷார்ட்’ இந்தக் குடும்பமே இல்லை. அது ஜெர்மானிய வேர். ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் அதன் சொந்தங்கள்.

நீதிமன்றத் தாள் நினைவில் இருந்தால் இன்னொரு தொடரும் தெளிவாகும். ‘ஐ ஹோல்ட் நோ பிரீஃப் ஃபார் ஹிம்’ என்பதை ‘அவரைப் பற்றி எனக்கு விவரம் தெரியாது’ என்று எழுதிவிடுகிறார்கள். அவரை நன்றாகத் தெரிந்தவரும் இதைச் சொல்லலாம். ‘அவருக்காக வாதாட நான் வரவில்லை’ என்பதே பொருள்.