மனுசனைச் சாமியாக்கும் கதைகளில் சொதப்பும் இடங்கள்

ஃபேன்டசி கதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள். கடைசிச் சண்டையில் ஹீரோ ஜெயிப்பான், உடம்பெல்லாம் ஒளி கிளம்பும், சாமியாகிவிடுவான். சக்தி கூடினால் சாமி என்று நினைப்பதுதான் முதல் தவறு. உண்மையில் செத்தவரைச் சாமியாக்குவது பிழைத்துக் கிடப்பவர்கள், அதுவும் பல நேரம் பயத்தில்.

ஜப்பானில் சுகவாரா நோ மிச்சிசானே என்று ஒருவர். கவிஞர், படிப்பாலேயே அமைச்சரானவர். எதிரிகள் கோள்மூட்டி 901இல் அவரைத் தலைநகர் கியோட்டோவிலிருந்து தூரத்துத் தசாய்ஃபுவுக்கு விரட்ட, 903இல் அங்கேயே செத்துப்போனார். அப்புறம் தலைநகரில் ஒன்றுமாற்றி ஒன்று சாவு. இது அவருடைய ஆவியின் கோபம் என்று பயந்துபோன அரசவை 923இல், செத்து இருபது வருசம் ஆன மனிதருக்குப் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தது! அதிலும் அடங்கவில்லை, 930இல் அரண்மனை மேலேயே இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள். பிறகுதான் கிதானோவில் கோயில் எழுந்தது.

ஆன சாமி அப்படியே இருக்கும் என்று எழுதுவது அடுத்த தவறு. அந்த இடிச்சாமியிடம்தான் இன்றைக்குப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் மரப்பலகையில் வேண்டுதல் எழுதி மாட்டுகிறார்கள்.

அரசாங்க வேலையையும் யாரும் எழுதுவதில்லை. ரோமில் கி.பி. 14இல் பேரரசர் அகஸ்டஸ் செத்ததும் அவரைத் தெய்வமாக அறிவித்தது செனட். அவர் வானேறியதைக் கண்ணால் பார்த்ததாக முன்னாள் அதிகாரி ஒருவர் சத்தியம் செய்தார், அதற்கு ராணி லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கொடுத்ததாக ரோம வரலாறு எழுதிய டியோ சொல்கிறார். இந்தச் சாட்சி ஒருத்தரை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

சாமியானதும் ஆசாபாசம் போய்விடும் என்பது எனக்கு ரொம்பவே எரிச்சலூட்டும் தவறு. நம்ம மதுரை வீரனைப் பாருங்கள். கதைப்படி, திருடன் என்று சந்தேகப்பட்டு ராஜா மாறுகால் மாறுகை வாங்கச் சொன்னார். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தபோது காரியம் கைமீறிவிட்டது. மிச்சிசானே கதையேதான், ஊர்தான் வேறு. இப்போது மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் அவருக்குச் சந்நிதி இருக்கிறது. ஆனால் கிராமத்துக் கோயில்களில் அவருக்குப் படைப்பது என்ன? சாராயமும் சுருட்டும்தான்.