குதிரை எச்சில் வடித்தால் வாய்க்குள் கை விடாதீர்கள்

முகூர்த்த நாளில் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் ராத்திரி போனால் எங்காவது ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாட்டிக்கொள்வோம். மண்டப வாசலில் ஜோடித்த குதிரை நிற்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையில் வெல்லத்தை வைத்து நீட்டச் சொல்வார்கள். அந்தக் கையில் புண் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ரேபிஸ் நாய்க்குத்தான் வரும் என்று நினைப்பதில் ஆரம்பிக்கிறது தப்பு. தெருவோரம் கட்டிக் கிடக்கிற குதிரையை ராத்திரி வெறிநாய் கடித்தால் அதற்கும் வரும். அறிகுறி தெரியச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம், அதற்குள் கடித்ததே மறந்து போயிருக்கும். வந்தாலும் உடனே வெறி பிடித்த மாதிரி இருக்காது. நொண்டும், பின்னங்கால் தள்ளாடும், வயிற்றுவலி போலத் தரையில் புரளும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். ‘தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு’ என்று ஒருவர் வாய்க்குள் கை விடுவார் பாருங்கள், அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. பல் படவே வேண்டாம், விரலில் இருக்கும் வெட்டுக்காயம் போதும். காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர் கையில் காயமில்லாத நாள் உண்டா?

அமெரிக்காவில் டென்னசி மாநிலம் ஷெல்பிவில்லில் 2006-ல் நடந்த பெரிய குதிரை விழாவுக்கு வந்த ஒரு குதிரைக்கு ரேபிஸ் என்று பிறகுதான் தெரிந்தது. அதன் பக்கத்தில் போனவர்களை அதிகாரிகள் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அதற்காகப் பதறவும் வேண்டாம். முதுகைத் தடவினேன், ஏறி போட்டோ எடுத்தேன் என்பதற்கெல்லாம் ஊசி தேவையில்லை. கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில், கண்ணில், வாயில் எச்சில் பட்டாலோதான் கவலை. காயம் என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள் (மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்), கண் என்றால் வெறும் தண்ணீர். அப்புறம் நேராக ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனை. தோலில் போடுகிற ஊசி 0, 3, 7, 28-ம் நாள் என நாலு தடவை. ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கிற, தயார் நிலையில் உள்ள எதிர்ப்புச் சக்தி மருந்து) உண்டு. ‘கடித்தது நன்றாக இருக்கிறதா என்று பத்து நாள் பார்க்கலாம்’ என்பது நாய், பூனைக்கான கணக்கு, அதை நம்பிக் குதிரைக் கடிக்கு ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

குதிரைக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது பேண்டு சத்தத்துக்கு மிரளுமா, வெடிக்கு ஓடுமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். இந்த வருடம் ரேபிஸ் ஊசி போட்டாச்சா என்றும் கேளுங்கள், டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.