முதல் நிரலாக்க வகுப்பு: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலைப் பள்ளியில் முதன்முறையாக நிரலாக்கம் படிக்க வரும் மாணவரிடம் ஆசிரியர் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. தான் எழுதிய ஒவ்வொரு வரியும் அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த எதிர்பார்ப்பில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நிரல் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பே அதற்குக் காரணம். கீழே வரும் தவறுகளில் பலவும் அந்த ஒரு நினைப்பிலிருந்து முளைப்பவை.

முதல் தவறு, பிழைச் செய்தியைப் படிக்காமல் விடுவது. திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தவுடன் சிலர் கையைத் தூக்குகிறார்கள். சிலர் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தெரியாது. பள்ளிகளில் கற்பிக்கப்படும் நிரலாக்க மொழியான பைத்தானில் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரி என்ன வகைப் பிழை என்று சொல்லும். அதற்குச் சற்று மேலே எந்த வரியில் நேர்ந்தது என்று இருக்கும். முதல் பருவத்தில் வரும் பிழைகளில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டு தகவல்களே போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3.0 முதல், மதிப்புகளைச் சேமித்து வைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஓரிடத்தில் 'மதிப்பெண்' என்றும் இன்னோரிடத்தில் 'மதிப்பென்' என்றும் எழுதிவிட்டால், கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். தமிழாசிரியர் மன்னித்தாலும் பைத்தான் மன்னிக்காது. அப்படி ஒரு பெயர் வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி நின்றுவிடும். 3.10 பதிப்பிலிருந்து, நெருக்கமான பெயர் ஒன்று இருந்தால் இதைச் சொல்ல வந்தீர்களா என்றும் கேட்கிறது. விடையே செய்திக்குள் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

சுட்டிக்காட்டிய வரியில் தவறே தெரியவில்லை என்றால் அதற்கு மேலே உள்ள வரியைப் பாருங்கள். அங்கே ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் இருந்தால், பழைய பதிப்புகள் அடுத்த வரியின்மீதுதான் பழியைப் போடும்.

பிழை காட்டி நிற்கும் நிரல் உண்மையில் நல்ல நிரல். சத்தமில்லாமல் தவறான விடையைக் கொடுப்பதுதான் ஆபத்தானது. பாடநூல்கள் இதைத் தருக்கப் பிழை என்கின்றன. மூன்று மதிப்பெண்களின் சராசரி காண அ + ஆ + இ / 3 என்று எழுதுகிறார் ஒரு மாணவர். மதிப்பெண்கள் 40, 50, 60. வகுத்தல் முதலில் நடப்பதால் கடைசி எண் மட்டும் 20 ஆகிறது, விடை 110. எந்த எச்சரிக்கையும் வராது. மூன்றில் பெரிய எண்ணே 60 என்னும்போது சராசரி எப்படி 110 ஆகும் என்று ஒரு நொடி யோசித்தால் பிடிபட்டுவிடும். பலர் யோசிப்பதில்லை. எண் வந்துவிட்டதல்லவா, ஒப்படைத்துவிடுகிறார்கள்.

இதைத் தவிர்க்கும் வழி, நிரலை இயக்குவதற்கு முன்பே விடை என்னவாக இருக்க வேண்டும் என்று கையால் கணக்கிட்டுக் குறித்துக்கொள்வது. எளிய எண்களாக எடுத்துக்கொண்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லையில் இருக்கும் மதிப்புகளையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். தேர்ச்சிக்கு 50 வேண்டும் என்ற விதிக்கு > 50 என்று எழுதினால், சரியாக 50 வாங்கியவர் தோற்றுப்போவார். 80 கொடுத்துச் சோதித்தால் இது ஒருநாளும் தெரியாது. 49, 50, 51 என்று கொடுத்தால் உடனே தெரியும். 1 முதல் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 10) என்பது 9-உடன் நின்றுவிடுவதும் இதே வகைதான். கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் மடக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் சோதிக்கும் பழக்கம் இப்போதே வர வேண்டும்.

பைத்தானில் விசைப்பலகையிலிருந்து வரும் உள்ளீடு எப்போதும் சரமாகவே, அதாவது எண்ணாக அல்லாமல் எழுத்துகளின் தொடராகவே வரும் என்பதை மறப்பவர்களும் ஏராளம். 5-ஐயும் 3-ஐயும் வாங்கிக் கூட்டினால் 8-க்குப் பதிலாக 53 வரும். முழு எண்ணாக மாற்றிய பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். = மதிப்பைக் கொடுக்கும், == ஒப்பிடும் என்பது ஒரு வாரத்தில் பழகிவிடும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது மட்டும் உங்கள் தவறில்லை. கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் அந்தப் பின்னங்களைத் துல்லியமாக எழுத முடியாது. ஆகவே தசம எண்களை == கொண்டு ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது, நாற்பது வரிகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டுக் கடைசியில் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது. அப்போது ஏழெட்டுப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாது. ஐந்து வரி எழுதுங்கள், இயக்குங்கள், சரியென்றால் அடுத்த ஐந்து. பிழை வந்தாலும் அது கடைசியாக எழுதிய ஐந்து வரிகளை ஒட்டித்தான் இருக்கும். இதன் இரட்டைப் பிறவி, குருட்டாம்போக்கில் திருத்துவது. < வேலை செய்யவில்லையா, <= போடு; +1 சரிவரவில்லையா, -1 போடு. இப்படி மாற்றிக்கொண்டே போனால் தற்செயலாக ஒருநாள் சரியான விடை வரலாம். ஏன் வந்தது என்று கேட்டால்தான் திண்டாட்டம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும் இடத்தில் மாறியின் மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். ஊகிப்பதைவிட அது விரைவானது.

நகலெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நண்பரின் நிரலில் மாறிகளின் பெயரை மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிரல்களின் கட்டமைப்பை ஒப்பிடும் மாஸ் என்ற மென்பொருள் 1994 முதலே இருக்கிறது. பெயர் மாற்றம் அதனிடம் செல்லாது. மென்பொருள்கூடத் தேவையில்லை. இந்த மடக்கைத் தலைகீழாக எண்ணும்படி மாற்று என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும். சாட்ஜிபிடி போன்ற செயலிகளுக்கும் இதே அளவுகோல்தான். அவற்றைப் பயன்படுத்தலாமா என்பதை வகுப்பின் விதி முடிவு செய்யட்டும். அனுமதி இருந்தால், புரியாத பிழைச் செய்திக்கு விளக்கம் கேட்பது படிப்பு. வீட்டுப்பாடத்தை அப்படியே எழுதித் தரச் சொல்வது படிப்பைத் தவிர்ப்பது. நண்பர்களோடு கலந்து பேசுங்கள், தாளில் வரைந்து விவாதியுங்கள். நிரலை மட்டும் தனித்தனியாக எழுதுங்கள்.

வேறிடத்தில் ஓடிய நிரல் இங்கும் ஓடும் என்ற நம்பிக்கை பெரியவர்களையும் விட்டதில்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்டுச் சுமார் 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது. ஏரியான் 4-இல் சிக்கலின்றி இயங்கிய மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். அதனால் பெரிதாகிவிட்ட 64 பிட் தசம எண் ஒன்றை, அதைவிடக் குறைந்த இடமே உள்ள 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளவில்லை.

உதவி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "சார், வேலை செய்யவில்லை" என்பது கேள்வியாகாது. என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். பிழைச் செய்தியை முழுதாகக் காட்டுங்கள். இந்த மூன்றையும் ஒழுங்காகச் சொல்ல முயலும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆசிரியர் வாயைத் திறக்கவே தேவையிருக்காது.

சில சிறிய தவறுகளும் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். படம் வரைய உதவும் டர்ட்டில் என்ற ஆயத்தத் தொகுதியைப் பயன்படுத்தும் நிரலை அதே டர்ட்டில் என்ற பெயரில் சேமித்தால், பைத்தான் உண்மையான தொகுதியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். வெளியீடு எப்படி இருக்க வேண்டும் என்று வினாவில் குறிப்பிட்டிருந்தால் அப்படியே கொடுங்கள். தானியங்கித் திருத்திக்கு உங்கள் வரவேற்பு வாசகமும் அலங்காரக் கோடுகளும் தவறான விடைதான். பத்து வரி வேலைதானே என்று முந்தைய இரவு தொடங்காதீர்கள். மாறிகள் நடந்த வாரம் வகுப்புக்கு வராதவருக்கு மடக்குகள் புரியாது. விட்டதை அந்த வாரமே பிடித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். மடக்கு கொண்டு எழுதச் சொன்னால், ஒரே வரியில் முடிக்கும் குறுக்குவழியைக் காட்டிவிட்டு மதிப்பெண் குறைந்ததற்குச் சண்டைக்கு நிற்பார்கள். கேட்டது என்ன என்று படிப்பதும் பாடத்தில் அடக்கம். அவர்களைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் பயந்துபோக வேண்டியதும் இல்லை.

கடைசியாகத் தேர்வு. பல பள்ளிகளில் அது இன்னும் தாளில்தான் நடக்கிறது. அங்கே இயக்கிப் பார்க்கும் பொத்தான் கிடையாது. ஆகவே வீட்டில் படிக்கும்போதே மாறிக்கு ஒரு பத்தி, சுற்றுக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் மதிப்பு என்னவாகிறது என்று பென்சிலால் எழுதிப் பழகுங்கள். பிறகு கணினியில் இயக்கி ஒப்பிடுங்கள். இரண்டும் எந்த வரியில் பிரிகின்றனவோ, அங்கிருந்து மறுபடி படிக்கலாம்.