ஜி.ஐ. ஷீட் வெல்டிங்கில் விரிசல் வராமல் தடுப்பது எப்படி?

அம்பத்தூர், கிண்டி பக்கம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஆம்பியரைக் குறைத்தும் ஜி.ஐ. ஷீட்டில் விரிசல் வருகிறதே, ஏன்?" ஆம்பியர் பாதி விஷயம்தான். மீதி, இந்த இரும்புத் தகட்டின் மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு.

துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆவி வெளியேற வழியில்லாமல் மாட்டினால் வெல்டில் ஓட்டை விழும். உருகிய துத்தநாகம் சூடான இரும்பின் நுண்மணிகளுக்கு நடுவே புகுந்துவிட்டால், ஆறும்போது ஏற்படும் இழுவையில் அந்த இடம் பிளந்துவிடும்.

அதனால் முதல் வேலை கிரைண்டரில்தான். ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் அடுக்கிய தேய்ப்பு வட்டு) போட்டு, வெல்ட் வரும் கோட்டின் இருபுறமும் 25 மி.மீ. அகலத்துக்காவது பூச்சை எடுங்கள். அழுத்தாமல் லேசாக ஓட்டுங்கள். துத்தநாகத்தைத் தேய்த்தால் பொறி வராது. பொறி பறக்கத் தொடங்கினால் இரும்பு வந்துவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தகடு மெலிந்து, பிறகு ஓட்டையாகும். பின்பக்கத்தையும் தேய்க்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ஜாயிண்டில் உள்ளே ஒளிந்திருக்கும் பூச்சுதான் அதிகத் தொல்லை தருவது.

அப்புறம் கிளாம்ப். தகடு அசையாமல் இருந்தால் போதும். வளைந்ததை முறுக்கி இழுத்துப் பிடித்தால் அந்த இழுவையே விரிசலை வரவழைக்கும்.

மிக் வெல்டிங்கில் (டார்ச் வழியே ஒயர் தானாக வருவது) 1.2 மி.மீ. ஷீட்டுக்கு 0.8 மி.மீ. ஒயர், 60 முதல் 80 ஆம்பியர் என்று தொடங்குங்கள். கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். சிலிக்கான் குறைவான ஒயர் கிடைத்தால் நல்லது, விரிசல் குறையும். நெருக்கமாக டேக் (தகடுகளைப் பிடித்துவைக்கும் சிறு வெல்ட்) வைத்து, ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் தள்ளி அங்கே என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். முடிக்கும் இடத்தில் டார்ச்சைச் சட்டென்று எடுக்காமல், அங்கே விழும் குழியை நிரப்பிவிட்டு எடுங்கள்.

வெள்ளைப் புகையை அலட்சியப்படுத்த வேண்டாம். சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள், கைக்குட்டையும் போதாது. உலோகப் புகைக்கான வடிகட்டி மாஸ்க் போட்டு, காற்றோட்டமான இடத்தில் நின்று செய்யுங்கள்.

ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்து, பூச்சு போன இடமெல்லாம் ஜிங்க் பெயிண்ட் அடியுங்கள். சென்னையின் உப்புக் காற்றில் வெறும் இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.