மார்ட்டியின் பிங்க் ஹோவர்போர்டு: வீட்டில் செய்வது எப்படி?

1989இல் வெளியான 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தின் இரண்டாம் பாகத்தில் நாயகன் மார்ட்டி மிதந்து போகும் பலகைக்குச் சக்கரமே கிடையாது. நாம் செய்வது நிஜமாக மிதக்காது; ஷூவில் வெல்க்ரோவால் (ஒட்டிப் பிரிக்கும் பட்டை) கட்டிக் குதித்து, மிதப்பதுபோல் போட்டோ எடுப்பதற்கான பலகை.

6 மி.மீ. பிளைவுட்டில் 70 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் வெட்டி, முனைகளை வளைவாக்குங்கள். 12 மி.மீ. வேண்டாம், குதிக்கும்போது கனத்தில் வெல்க்ரோ பிய்ந்துகொள்ளும். உப்புத்தாள் போட்டபின் வெள்ளை பிரைமர் இரண்டு கோட். இதைத் தவிர்த்தால் மரநிறம் தெரிந்து பிங்க் மங்கிவிடும். ஸ்பிரே பெயின்ட்டை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து மெல்லிசாக மூன்று தடவை அடியுங்கள்; ஒரேயடியாக அடித்தால் வழியும். அடியில் ஒட்டும் வட்டங்கள் ஃபோமில் இருக்கட்டும், மரமென்றால் இறங்கும்போது உடையும்.

ஷூவோடு பலகையை வெல்க்ரோவால் இறுக்கி, புல்தரையில் குதியுங்கள். படத்திலும் பலகையைக் காலோடு பிணைத்து, நடிகர்களைக் கம்பியில்தான் தொங்கவிட்டார்கள். போட்டோ எடுக்க ஷட்டர் வேகம் 1/1000 விநாடி, கேமரா தரையோடு. நல்ல வெயிலில் எடுங்கள்: நிழல் பலகையைவிட்டு விலகித் தெரியாவிட்டால் மிதப்பதாக யாரும் நம்பமாட்டார்கள்.