சதுரங்க அரிசி எண்ணைக் கையாலேயே உடைப்பது எப்படி?

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று வைத்துக்கொண்டே போன கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டங்களுக்கும் மொத்தம் 18446744073709551615. அதாவது 2⁶⁴ − 1. இதன் பகாக் காரணிகளைக் கண்டுபிடிப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நான் இதை விரிதாளில் போட்டேன். 18446744073709600000 என்று காட்டியது. கடைசியில் ஐந்து பூஜ்யம்! பத்தால் வகுபடும் என்று நம்பி அரை மணி நேரம் வீண். விரிதாளுக்கு 15 இலக்கம்தான் கணக்கு. சரிபார்க்கப் பைத்தான் (Python) நிரல்மொழியே போதும், எவ்வளவு நீள முழு எண்ணையும் அப்படியே வைத்திருக்கும். வகுக்கும்போது மட்டும் இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள். ஒற்றைக் கோடு போட்டால் தசமமாகி மறுபடி அதே கதைதான்.

படி 1: அ² − 1 = (அ + 1)(அ − 1). எனவே 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). பின்னதை இதே மாதிரி உடைத்துக்கொண்டே போங்கள். மிஞ்சுபவை 3, 5, 17, 257, 65537, 4294967297.

படி 2: முதல் ஐந்தும் பகா எண்கள். மேலே போகலாம்.

படி 3: 4294967297. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 300க்குள் இருக்கும் 62 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டு, இதுவும் பகா எண் என்று முடிவு கட்டினேன். 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மாவும் அப்படித்தான் நினைத்தார். 1732இல் ஆய்லர் என்ற கணிதர் அதை உடைத்தார். இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய், பகு எண்களைத் தள்ளுங்கள். நிற்பவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் மீதி பூஜ்யம்:

4294967297 = 641 × 6700417

நான் வகுத்த 62இல் தேவைப்பட்டவை இரண்டே இரண்டு!

படி 4: 6700417 இன்னும் உடையுமா? இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம், அதுவரை பார்த்தால் போதும். இதன் காரணி எதுவும் 4294967297க்கும் காரணிதான், அதனால் படி 3இன் மீதி விதி இங்கும் செல்லும். லூக்காஸ் என்ற கணிதர் பின்னாளில் அந்த 64ஐ 128 என்று இறுக்கிவிட்டார். அதன்படி பார்க்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409. 257 ஏற்கெனவே தோற்றது. மற்ற நான்குக்கும் மீதி முறையே 44, 120, 334, 622 வர வேண்டும். வேறு வந்தால் வகுத்தலில் பிழை. ஆக, இது பகா எண்.

மொத்தம் ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. அதனால் வகுத்திகள் 2⁷ = 128.

பிற்சேர்க்கை: 2⁶³ − 1ஐ எடுத்த ஒருவர் முதல் படியிலேயே நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். 63 ஒற்றை எண், பாதியாகாது. அங்கே அ³ − 1 = (அ − 1)(அ² + அ + 1), அ = 2²¹ என்று வையுங்கள். கிடைக்கும் 2²¹ − 1ஐயும் அப்படியே உடைத்தால் 127, 16513 வரும். 16513ஐ ஏழால் வகுங்கள், இரண்டு தடவை.