உள்ளங்கால் வளைவு இறங்கியிருக்கிறதா? வீட்டிலேயே பார்க்கலாம்

கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் பாணமை, உகந்தை தாண்டிக் காட்டுவழியில் நாள்கணக்கில் நடக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பாதத்தைப் பார்த்துவிடுங்கள். கால் உளைவு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் பார்க்கலாம்.

முதலில் ஈரத்தடம். பாதத்தை நனைத்து, காய்ந்த சீமெந்து விறாந்தையில் முழுப்பாரத்தையும் ஊன்றி நின்றுவிட்டு விலகுங்கள். வளைவு இருந்தால் தடத்தின் உட்பக்க நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். குதிக்காலையும் முன்பாதத்தையும் வெளிப்பக்கத்தில் ஒரு பட்டை இணைக்கும். பாதம் முழுவதும் பதிந்தால் வளைவு தாழ்ந்திருக்கிறது. இதைக் கல்லடிக் கடற்கரை மணலில் பார்க்காதீர்கள். மணல் அமுங்கிக் கொடுப்பதால் நல்ல பாதமும் முழுதாகப் பதியும்.

அடுத்து, வீட்டில் ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். குதிக்கால் வெளிப்பக்கம் சரிந்து, சின்னவிரல் பக்கமாக மூன்று நான்கு விரல்கள் தெரிந்தால் அதுவும் ஓர் அடையாளம். செருப்பின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி வருவதுதான் முக்கியமான சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு இரு குதிக்கால்களையும் தூக்குங்கள். அப்போது வளைவு திரும்பத் தோன்றினால் பாதம் இளக்கமாக இருக்கிறது, நல்லது. அப்புறம் ஒற்றைக் காலில் அதையே செய்யுங்கள். குதிக்கால் எழும்ப மறுத்தாலோ, உட்பக்கக் கணுக்கால் மொழிக்குப் பின்னும் கீழும் வலித்தாலோ, வளைவைத் தாங்கிப் பிடிக்கும் தசைநாண் பழுதாகியிருக்கலாம். வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள்.

தட்டைப்பாதம் என்றாலே வருத்தம் இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படி இருந்து, வலியே இல்லாமல் வயல் வேலை செய்பவர்கள் எத்தனையோ பேர். சின்னப் பிள்ளைகளின் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். வளர வளர வளைவு வரும். வலியோ விறைப்போ இருந்தால் மட்டும் காட்டுங்கள். பெரியவர்களில் கவனிக்க வேண்டியது மாற்றத்தை: முன்பு இருந்த வளைவு இறங்குவது, ஒரு காலில் மட்டும் இறங்குவது, உட்பக்கக் கணுக்கால் வீங்குவது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அந்தக் காலை ஊன்றி நடக்காதீர்கள், உருவவும் வேண்டாம். எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே வைத்தியரிடம் போங்கள்.